குடிதண்ணீரில் கழுவிய கல்

சண்முகக்கனி அண்ணாச்சி தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குக் கடல்மீன் வளர்க்கும் ஆசை வந்தது. வண்ணமீன் கடை நடத்தும் சிந்தாத்திரைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். இருந்தாலும் "டீச்சரம்மா" என்று கூப்பிட்டு அவளிடம் மாணவராகச் சேர்ந்துவிட்டார்.

அவள் அவர் வீட்டுத் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். தன் கடைத் தொட்டியில் ஆறு வருஷம் கிடந்த கல் ஒன்றை அதற்குள் வைத்தாள்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சி மூன்று வாரம் பார்த்தார். கல் கல்லாகவே இருந்தது.

நான்காம் வாரம், வெளிநாடு போகிற பல் டாக்டர் ஒருவர் ஏழு வருஷமாகத் தான் வளர்த்த ஆரஞ்சு மீன் ஜோடியை, முன்பே சொல்லியிருந்தபடி அண்ணாச்சி கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார். மீன் இருந்த பிளாஸ்டிக் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சிந்தாத்திரைக்குப் போன் போட்டார்.

அவள் கையில் ஒரு தூக்குவாளியோடு வந்தாள்.

"உங்க கையால முடிச்ச அவுத்து விடுங்க டீச்சரம்மா. இன்னும் அரை மணி நேரம் நல்ல நேரம் இருக்கு."

அவள் பையைத் தொடவில்லை. தொட்டிக்குள் கல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கல்லை என்ன செஞ்சீங்க?"

"அத ஏன் கேக்கீங்க! ஒரே பாசி, கொழகொழன்னு. புது ஆளுங்க குடிவர்ற வீட்ட அப்படியா வச்சிருக்க முடியும்? முந்தாநாள் குடிதண்ணில முக்கி, புளியும் தேங்கா நாரும் போட்டு, குத்துவிளக்கு மாதிரி தேச்சுட்டேன்."

"முப்பது வருஷத்துல ஒரு தட்டு தேச்சதில்ல" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "கல்லத் தேக்காராம்!"

சிந்தாத்திரை சிரிக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்தாள். புதுத் தொட்டிக்குச் சீர்வரிசையாக அவள் கொண்டுவந்தது, உப்புத் தண்ணீருக்குள் கைப்பிடி அளவில் ஒரு கல். கண்ணாடித் தம்ளர் ஒன்று கேட்டு வாங்கி, தண்ணீரோடு கல்லை அதில் இறக்கினாள். தன் தோள்பையிலிருந்து ஒரு லென்சை எடுத்து நீட்டினாள்.

"பாருங்க."

"கல்லு."

"ஃபேன நிறுத்திட்டுப் பாருங்க."

நிறுத்திவிட்டுக் குனிந்தார். கொஞ்ச நேரம் கல்தான் தெரிந்தது. பிறகு ஊசி முனையளவு துளையிலிருந்து இறகு விசிறி ஒன்று விரிந்தது. மொத்தமும் ஒரு கடுகுக்குள் அடங்கும். அவர் லேசாக அசைந்ததும் மூடிக்கொண்டது. உப்புத் தூள் என்று நினைத்தவை ஓடின. நூல் போன்ற ஒரு கை இடுக்கிலிருந்து நீண்டு, தடவிப் பார்த்து, உள்ளே போனது.

"இந்த ரோஸ் கறை?"

"அதுக்கும் உசிரு உண்டு."

"இதவிடச் சின்னதும் இருக்கா?"

"லென்சுக்குத் தெரியாததுதான் அதிகம். மீனோட கழிவ அவங்கதான் தின்னு தீக்கணும். அவங்க இல்லேன்னா, அந்தத் தண்ணியே ரெண்டு நாள்ல மீனக் கொன்னுரும்."

அண்ணாச்சி தொட்டியிலிருந்த கல்லைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்போ நான் தேச்சது..."

"கடல் உசிருக்குக் குடிதண்ணி ஆவாது அண்ணாச்சி."

நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பைக்குள் மீன்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி பையைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். ஈரத்தைத் தன் துண்டால் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

"உங்க கடையிலயே இருக்கட்டும்."

அவள் வாங்கிக்கொண்டாள். தம்ளரிலிருந்த கல்லை எடுத்து, வெள்ளைக் கல்லை ஒட்டினாற்போல் தொட்டியில் வைத்தாள்.

"நான் தேச்சத வெளிய எடுத்துரவா?"

"இருக்கட்டும். இதுலருந்து அதுக்கு நடந்து போவாங்க."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து கண்ணாடியோடு கண்ணாக ஒட்டிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, கர்ப்பக்கிரகத்தின் முன் நிற்பவர் போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மீன எப்போ கூட்டிட்டு வரலாம் டீச்சரம்மா?"

சிந்தாத்திரை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ட்ட ஏன் கேக்கீங்க அண்ணாச்சி? வீட்டுக்காரங்க கல்லுக்குள்ளதான் இருக்காங்க."