மடையானின் வெள்ளைச் சிறகு

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின; பேசியது போதாதென்று பள்ளிக்கூடமும் நடத்தின. ஏரியின் நடுத்திட்டில் நாரை வாத்தியார் பாடம் சொன்னார். ஏரி வற்றும் கோடையில் கூட்டமாகப் பறந்து வேறு தண்ணீருக்குப் போய்ச் சேரும் வித்தைதான் பாடம். அதைவிடப் பெரிய பாடம் சீருடை. தலை முதல் வால் வரை வெள்ளை. ஒரு புள்ளி தெரிந்தாலும் வாத்தியாருக்கு மூக்கு சிவந்துவிடும். அவருடைய மூக்கு எத்தனை நீளம் என்று சொல்லவும் வேண்டுமா?

மடையான் என்ற சின்னக் கொக்கிடம் இருந்தது ஒரே உடுப்பு. சேற்று நிறத்தில் கோடு கோடாக அவன் அம்மா தைத்தது. தைத்துப் போட்டுவிட்ட அந்த மழைக்காலத்திலேயே அவள் செத்துப்போனாள்.

"வெள்ளை எங்கடா?" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க ஐயா."

"அப்ப கரையில போய் நில்லு. வெள்ளையோட வந்தா உள்ள வா."

கரையில் நின்றே பாடம் கேட்டான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் காதில் விழும், இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலம் எல்லோரும் போனபின், அவர்கள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி நெஞ்சில் தைத்துக்கொண்டு மறுநாள் திட்டுக்குப் போனான். "ஒட்டுச் சட்டை! ஒட்டுச் சட்டை!" என்று வகுப்பே சிரித்தது. அன்றைக்கே பிய்த்துப் போட்டான். பிறகு சிறகின் மேலேதான் தைத்தான், மடக்கினால் முதுகுக்கு அடியில் மறைந்துவிடும்படி. முழுக்க வெள்ளையான பிறகே காட்டுவது என்று வைராக்கியம்.

உண்ணிக்கொக்கு ஒருத்தி மட்டும் போகும்போது கேட்பாள். "என் பக்கத்துல இடம் வச்சிருக்கேன். எப்படா வருவ?"

"இன்னும் கொஞ்சந்தான் பாக்கி" என்பான்.

கோடை முந்திக்கொண்டது. ஒரு காலையில் கூட்டம் எழும்பிவிட்டது. வாத்தியார் வானத்தில் வட்டமடித்துக் கத்தினார்: "யாராச்சும் விட்டுப்போயிருக்காங்களா? கீழ வெள்ளை தெரியுதா பாருங்க!"

"கரையில ஒருத்தன் இருப்பான் ஐயா!" என்றாள் உண்ணிக்கொக்கு.

மடையானுக்குக் கேட்டது. சிறகை விரித்தால் போதும். ஆனால் நெஞ்சும் முதுகும் இன்னும் சேற்று நிறம்தான். மறுபடி சிரிப்பார்களே என்று கூசிப்போய், சிறகை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் நின்றான்.

"சேறுதான் தெரியுது. கிளம்புங்க" என்றார் வாத்தியார்.

கூட்டம் சிறுத்துக்கொண்டே போனது. அப்போதுதான், சிரித்தால் சிரிக்கட்டும் என்று எழும்பினான். பளீரென்று அத்தனை வெள்ளை! "ஐயா, நானும் வெள்ளைதான்! பாருங்க!" கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனது. வானத்தில் யாரும் இல்லை. எந்தத் திசை என்றும் தெரியவில்லை. அந்தப் பாடத்தன்று காற்று வேறு பக்கம் அடித்திருந்தது. மடைக்குழியில் மிச்சமிருந்த தண்ணீரோரம் திரும்பி வந்து நின்றான்.

அன்று முதல்தான் மடையான் தண்ணீரோரம் தனியாக, சேற்றோடு சேறாக நிற்கிறது. யாராவது கிட்டே போனால் கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பும். சிறகெல்லாம் வெள்ளை தெரியும். பார்க்க வேண்டியவர்கள்தான் அங்கே இருப்பதில்லை.