பிளாஸ்டிக் ஆப்பிள்மேல தூசி

மேடம் என் படத்தைக் கழட்டி எறியல, நேசா. கண்காட்சிச் சுவத்துலேந்து அதை எடுத்தது நான்தான்.

நான் அவங்களை அவமானப்படுத்தினேன், அதான் படத்தைத் தூக்கிட்டாங்கன்னு ஹாஸ்டல் பூரா சொல்லிட்டுத் திரியிறியாமே. மூணு நாளா உங்கிட்ட வாதாடி எனக்கு வாய் வலிக்குது. கடைசியா ஒரு தடவை கேட்டுக்கோ.

பொருளை முன்னாடி வெச்சுப் பாத்து வரையிற ஸ்டில் லைஃப் வகுப்புல நமக்கு வெச்சது பிளாஸ்டிக் பழம். நாலு ஆப்பிள், ஒரு கொத்து திராட்சை. நாம சேர்றதுக்கு முன்னாடியே அந்தத் தட்டுல கிடக்குது.

எல்லாரும் படத்துல அதுமேல பனித்துளி போட்டீங்க. நீ ஒரு ஆப்பிளை வெட்டி வெச்ச மாதிரியே வரைஞ்ச.

நான் மேல தூசியைப் போட்டேன். அது உனக்கு நக்கலாத் தெரிஞ்சுது.

ஆனா வகுப்புக்கு ஒரு படம்னு சகாயமேரி மேடம் மாட்டினது அதைத்தான். சுவத்துல ஏறின என் முதல் படம். அதைப் பாக்கத்தான் அம்மா அருப்புக்கோட்டையில பஸ் ஏறியிருக்காங்க.

அந்தத் தூசி நக்கல்னு நீ கிளப்பிவிட்ட பேச்சு தாங்காம மேடத்துக்கிட்டப் போனேன். காலையிலேந்து வைவா எடுத்து, மேஜையில தலை சாய்ச்சிருந்தாங்க.

"என் படம் மட்டும்தான் நெசம்னு எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும், மேடம்."

நிமிரவே நேரமாச்சு.

"தூசி எந்தப் பக்கம்மா ஜாஸ்தி?"

"எல்லாப் பக்கமும்தான்."

மேடம் என்னைக் கூட்டிட்டு வகுப்புக்கு நடந்தாங்க. தட்டு முன்னாடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. இன்னொண்ணுல அவங்க உக்காந்து, சுவத்துல சாஞ்சுக்கிட்டாங்க.

"பாத்து முடிச்சதும் எழுப்பு."

தூங்கியே போயிட்டாங்க.

எனக்குக் கோவம்னா கோவம். சண்டை போடவும் ஆளில்லை. வேற வழியில்லாம தட்டைப் பாத்தேன்.

ஜன்னல் பக்கத்து ஆப்பிள்ல தூசி மாவு மாதிரி. அதோட மறுபக்கம் தூசியே இல்லை. திராட்சையில இடுக்குல மட்டும் கொஞ்சம். பின்னாடி ஆப்பிள்ல யாரோ எடுத்து வெச்ச அஞ்சு விரல் தடம். அந்த அஞ்சு இடத்துல மட்டும் சிவப்பு, அப்படியொரு சிவப்பு.

மூணு வாரம் அதே இடத்துலதான் உக்காந்து வரைஞ்சிருக்கேன்.

என் படத்துல தூசி எல்லாத்து மேலயும் ஒரே மாதிரி இருக்கும். பவுடர் டப்பா கொட்டின மாதிரி.

மேடத்தை எழுப்பல. நேரா போய்ப் படத்தைக் கழட்டினேன். அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியல.

இப்போ அந்த இடம் காலி. உன் படத்தை மாட்டக் கேட்டிருக்கியாம். மாட்டு, நான் தடுக்கல.

நாளைக்குத் திறப்பு விழா. மொத்தக் காலேஜும் வரும். அது பக்கத்துல நில்லு. நீ பாத்துப் போட்டது அதுல எது? எல்லார் முன்னாடியும் கை வெச்சுக் காட்டு.