ஒரே அலறல்

அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க வந்த விலங்குகள் எல்லாம் ஒரு கண்ணைத் தண்ணீரிலும் ஒரு கண்ணை நாணல் புதரிலும் வைத்திருந்தன.

அது பொல்லாத கோடை. மூன்று மலைகளின் சுனைகளும் வற்றிவிட்டன. மிஞ்சியது அந்த ஒரு குளம்தான். கிழக்கு மலை மான்கள், மேற்கு மலை மந்திகள், பாறை இடுக்கு முள்ளம்பன்றிகள், கரட்டுக்காட்டு முயல்கள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று முகம் கொடுத்துப் பேசாது. ஆளுக்கொரு மூலை.

நாணலுக்குள் ஒரு சிறுத்தை குடியிருந்தது.

போன வாரம் அது பதுங்கி வந்தபோது மரத்திலிருந்த மந்திகள், "கக்! கக்!" என்று இருமின. மந்தி அப்படி இருமினால் சிறுத்தை வருகிறது என்று அர்த்தம். மந்தியையே பார்த்திராத முயல்களுக்கு அது எப்படித் தெரியும்? "பாவம், சளி பிடிச்சிருக்கு போல!" என்று சொல்லிக்கொண்டு தண்ணீரைக் குடித்தன. நொச்சி என்ற முயல்குட்டியின் அண்ணனைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்விட்டது.

மருத மரத்தில் இருந்த மஞ்சமூக்கி என்ற மைனா அதைக் கண்ணால் பார்த்தாள். மூன்று நாள் அவளுக்கு இரை இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் குட்டியின் கால்கள் உதறுவதுதான் தெரிந்தது. நான்காம் நாள் கரைக்கு வந்து அறிவித்தாள்.

"குட்டிகளை என்கிட்ட அனுப்புங்க! நாடகப் பட்டறை நடத்தப் போறேன்!"

"அது என்னத்துக்கு?" என்றது ஒரு மான்.

"கூடி ஆடினா பழக்கம் வரும்! பழக்கம் வந்தா உயிர் தப்பும்!"

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாரோ பட்டறை நடத்தியபோது மஞ்சமூக்கி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். போனது என்னவோ சிந்துகிற பொரிக்காகத்தான். ஆனாலும் இரண்டு நாள் பார்த்துவிட்டாள் அல்லவா? எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

நாலு குட்டிகள் வந்தன. மான்குட்டி வெள்ளரி, மந்திக்குட்டி கரிமுகன், முள்ளம்பன்றிக்குட்டி ஈட்டி, அப்புறம் அண்ணனை இழந்த நொச்சி.

முதல் நாள் வட்டமாக நிற்கவைத்து, ஒருவர் செய்வதை மற்றவர் செய்ய வேண்டும் என்றாள். ஈட்டி மான்போலத் துள்ளினான். முட்கள் சலசலவென்று ஆடின. வெள்ளரி காலை உதைக்க அவனும் உதைத்தான். நொச்சிகூடச் சிரித்துவிட்டாள். மஞ்சமூக்கிக்கு வயிறு குளிர்ந்தது.

இரண்டாம் நாள்தான் வினை வந்தது.

"நம்ம நாடகம் சிறுத்தையைப் பத்தி! ஈட்டிதான் சிறுத்தை! மத்தவங்க பயந்து காட்டுங்க, பார்ப்போம்!"

வெள்ளரி முன்னங்காலால் தரையில் "டொம்! டொம்!" என்று உதைத்தாள். கரிமுகன் கிளையில் தாவி இருமினான். நொச்சி காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு காய்ந்த புல்லில் அசையாமல் படுத்துவிட்டாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் மஞ்சமூக்கி. "ஆளுக்கொரு பயமா? இந்தக் குழப்பத்துலதானே இவ அண்ணன் போனான்! இனிமே எல்லாருக்கும் ஒரே பயம்தான். 'அம்மாடியோ!'ன்னு வாய்விட்டு அலறணும்!"

"எங்க வீட்டுல பயந்தா சத்தமே போட மாட்டோம் அக்கா," என்றாள் நொச்சி.

"உங்க வீட்டுப் பழக்கத்தை வீட்டுலயே வெச்சுட்டு வா!"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஊரைக் கெடுக்கிறவர்களில் பாதிப் பேர் நல்ல எண்ணத்தில்தான் கெடுக்கிறார்கள்.

ஆறு நாள் ஒத்திகை நடந்தது. நாளுக்கு முப்பது தடவை "அம்மாடியோ!" கேட்டது. முதல் நாள் கரையில் இருந்தவர்கள் பதறி ஓடினார்கள். மூன்றாம் நாள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். ஆறாம் நாள் ஒருவரும் காதைக்கூட அசைக்கவில்லை. மஞ்சமூக்கி அதைக் கவனிக்கவில்லை. நாணலுக்குள் படுத்திருந்தது கவனித்தது.

ஏழாம் நாள் வெயில் தாழ நாடகம் ஆரம்பமானது. நாலு கூட்டமும் கரையில் வரிசையாக உட்கார்ந்தன. ஈட்டி சருகுகளை முட்களில் குத்திக்கொண்டு உறுமி வந்தான்.

"அம்மாடியோ!" என்றாள் வெள்ளரி. நாணலுக்கு முதுகைக் காட்டி நின்று, தொண்டை கிழிய அலறினாள்.

"அம்மாடியோ!" என்றான் கரிமுகன்.

நொச்சி அலறவில்லை. காதுகளை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

"கத்து! கத்துடி!" என்று மஞ்சமூக்கி பல்லைக் கடித்தாள். மைனாவுக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள். அவ்வளவு கோபம். சபையைப் பார்த்தால் முயல் வரிசையே காலியாக இருந்தது. நாடகம் பிடிக்காமல் எழுந்து போய்விட்டார்களோ? உற்றுப் பார்த்தாள். போகவில்லை. நொச்சியைப் பார்த்த கணமே அத்தனை முயல்களும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டிருந்தன.

அப்போதுதான் நொச்சியின் கண்களைக் கவனித்தாள். அவை ஈட்டியைப் பார்க்கவில்லை. வெள்ளரிக்குப் பின்னால் பார்த்தன.

நாணலுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண்கள் இருந்தன.

மஞ்சமூக்கி "அம்மாடியோ!" என்று உயிரைக் கொடுத்து அலறினாள்.

"ஆகா! மைனா என்னமா நடிக்கிறா!" என்றது கூட்டம்.

"அம்மாடியோ! நிஜமா! நிஜமாத்தான்!"

கூட்டம் இன்னும் ஆரவாரம் செய்தது. வெள்ளரியின் அம்மா மகளைப் பார்த்துப் பூரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிறுத்தை ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னும் ஓர் அடி. வெள்ளரி மறுபடியும் ஆனந்தமாக அலறினாள்.

எந்தக் குரலை நான் எல்லாருக்கும் கொடுத்தேனோ, அந்தக் குரலை நானே செல்லாமல் ஆக்கிவிட்டேனே! அந்தக் குட்டியை நான் அல்லவா அங்கே நிற்கவைத்தேன்! என்று நினைத்தாள் மஞ்சமூக்கி. பறந்து போய்விடலாம்; சிறகு இருக்கிறது. அவள் போகவில்லை.

மைனாவுக்கு எந்தக் குரலும் வரும். தொண்டையை இறுக்கிக்கொண்டாள்.

"கக்! கக்!"

கரிமுகனின் முகம் மாறியது. "அது எங்க வீட்டு இருமல்!" ஒரே தாவலில் கிளையேறினான். அவனும் பார்த்துவிட்டான். "கக்! கக்! கக்!" மரமெல்லாம் இருமியது. மந்திகள் உச்சிக்கு ஏறின.

மான்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மந்திகளும் நடிக்கின்றன என்று நினைத்துக்கொண்டன.

"ஈட்டி! வெள்ளரி காலு! வெள்ளரி காலு!" என்று கத்தினாள் மஞ்சமூக்கி.

முதல் நாள் விளையாட்டு ஈட்டிக்கு மறக்கவில்லை. தன் குட்டைக் காலைத் தூக்கித் தரையில் உதைத்தான். "டொம்! டொம்! டொம்!"

வெள்ளரி யோசிக்கவே இல்லை. பிறந்த நாளிலிருந்து அவள் கால்களுக்குத் தெரிந்த சத்தம் அது. சிறுத்தை பாய்வதற்கும் அவள் துள்ளுவதற்கும் ஒரு கண் இமைப்புதான் இடைவெளி. அவள் நின்ற இடத்தில் இப்போது, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பக்கத்திலிருந்து புகுந்த ஈட்டியின் முதுகு இருந்தது. சிறுத்தை முள்ளின்மேல் பாதத்தை வைத்து, வலி தாங்காமல் கதறி, மூன்று காலில் நொண்டி நாணலுக்குள் போனது. தரையோடு ஒட்டிக் கிடந்த அத்தனை முயல்களில் ஒன்றுகூட அதன் கண்ணில் படவில்லை.



மறுநாள் காலை நாலு குட்டிகளும் பட்டறைக்கு வந்தார்கள். மஞ்சமூக்கி ஒவ்வொருவராக எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு நொச்சிக்கு முன்னால் போய் நின்றாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"என்னை மன்னிச்சுடு நொச்சி. உங்க வீட்டுல எப்படிப் பயப்படுவீங்க? எங்களுக்குச் சொல்லிக் குடு."

"முதல்ல பேசாம இருக்கணும் அக்கா," என்றாள் நொச்சி.

மஞ்சமூக்கிக்கு அதைவிடக் கஷ்டமான பாடம் உலகத்தில் கிடையாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு புல்லில் ஒட்டிப் படுத்தாள். மானும் மந்தியும் முள்ளம்பன்றியும் பக்கத்தில் படுத்தார்கள். தூரத்தில் நாணல் அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். யாரும் மூச்சு விடவில்லை.

எல்லோரையும் ஒரே குரலில் கத்தவைப்பது ஒற்றுமை ஆகாது. ஒருவர் பயத்தை மற்றவர் படித்து வைத்திருப்பதே உயிர் காக்கும் ஒற்றுமை.