மஞ்சள் முத்திரை போட்ட நாய்

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. பேசியதோடு நிற்காமல் வீடு கட்டிக் குடியிருந்தன. வீடு என்று வந்துவிட்டால் குப்பை வராமல் இருக்குமா? வந்தது.

ஆற்றங்கரையில் ஓர் ஊர். அந்த ஊர்க் குப்பை முழுவதையும் பன்றிதான் அள்ளியது. காலையில் வாசலில் வந்து நின்று "உர்ர்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். எல்லாரும் இருப்பதைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தின்ன முடிந்ததைப் பன்றி தின்னும். முடியாததை ஆற்றோரப் பள்ளத்தில் தள்ளிவிடும். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். பன்றியும் யோசிக்காது.

பள்ளம் நிரம்பி ஆற்றில் வழிந்தது. அப்போதும் யாரும் யோசிக்கவில்லை. ஒருநாள் ஊரை ஆண்ட யானை ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு எழுந்தது. காக்கை தூக்கிப் போட்ட பழைய கூடு ஒன்று அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. பாம்பு உரித்த சட்டை தந்தத்தில் தொங்கியது. யானைக்கு இது தெரியாது. அப்படியே கம்பீரமாகக் கடைத்தெரு வழியாக நடந்து வந்தது. ஊரே சிரித்தது.

மறுநாளே சீர்திருத்தம் வந்துவிட்டது.

யானை எல்லாரையும் மைதானத்தில் கூட்டி வைத்துச் சொன்னது: "இனிமேல் வீட்டுக்கு ரெண்டு பானை. மக்குற குப்பை பச்சைப் பானையில. மக்காதது நீலப் பானையில. பச்சையைப் பன்றி தினமும் எடுக்கும். நீலத்தைப் புதன்கிழமை மட்டும்தான் எடுக்கும். கலந்து வச்சா எடுக்கவே எடுக்காது."

ஆடு எழுந்தது. "ஐயா, மக்காததுன்னா என்ன? நான் எல்லாத்தையும் தின்னுடுறேனே."

மாடும் எழுந்தது. "காலையில தின்னதை நான் இன்னும் அசை போட்டுக்கிட்டு இருக்கேங்க. இது சாப்பாட்டுக் கணக்கா, குப்பைக் கணக்கா?"

"சந்தேகமெல்லாம் அப்புறம்," என்றது யானை. அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் பானையைத் திறந்து மோந்து பார்த்து, சரியாகப் பிரித்திருக்கிறார்களா என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊரிலேயே நல்ல மூக்கு இருந்தும் வெட்டியாகக் கிடந்தவன் சடையன் என்ற நாய். பகல் முழுக்க அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடப்பான். ஆனால் அவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. பக்கத்துத் தெருச் செவலையைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். செவலைக்கும் இஷ்டம்தான். அவள் அப்பன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாம்பல்ல புரள்றவனுக்குப் பொண்ணா? அரசாங்க வேலைன்னா வா. அதுவும் நிரந்தர வேலையா இருக்கணும். தற்காலிகம்னா வாசலோட நின்னுக்க" என்று சொல்லிவிட்டார் அவர்.

அதனால் யானை கூப்பிட்டதும் சடையன் சாம்பலைக்கூட உதறாமல் ஓடினான்.

"இப்போதைக்குத் தற்காலிகம்தான். ஒழுங்கா வேலை பார்த்தா நிரந்தரம் பண்றோம்," என்றது யானை.

கழுத்தில் ஒரு சுண்ணாம்புக் கலயத்தைக் கட்டிவிட்டார்கள். பிரஷ் தனியாகக் கொடுக்கவில்லை, அவனுடைய வால்தான் பிரஷ். குப்பையைச் சரியாகப் பிரித்த வீட்டு வாசல் கம்பத்தில் வால் நுனியால் ஒரு வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். கோடு இருக்கிற வீட்டில்தான் பன்றி குப்பை எடுக்கும். கோடு தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு தெறித்து மறைந்துவிடும் என்பது விதி. சில நாய்களுக்கு இன்றைக்கும் வால் நுனி வெள்ளையாக இருக்கிறதே, அது இந்தச் சுண்ணாம்புதான். கழுவவே இல்லை.

சடையன் நிஜமாகவே உழைத்தான். ஆனால் ஊர்க்காரர்களைப் பற்றி என்ன சொல்வது? ஒருத்தரும் யோக்கியமில்லை. நீலப் பானையை ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. பிரிப்பதற்கும் சோம்பல். ஆனால் வெள்ளைக் கோடு மட்டும் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேவலமாகப் பார்ப்பார்கள். ஆகவே ஆளாளுக்குச் சோதனைக்கென்று தனிக் குப்பை தயார் செய்தார்கள். கிளி கொய்யாத்தோலைப் பூ மாதிரி அடுக்கி வைத்தது. கோழி ஒரு முட்டை ஓட்டைக் கழுவித் துடைத்துப் பச்சைப் பானையில் வைத்தது.

"என்னக்கா, போன வாரமும் இதே ஓடுதானே இருந்துச்சு?" என்றான் சடையன்.

"ராசியான ஓடுப்பா. கோட்டைப் போட்டுட்டுப் போ, எனக்கு வேலை இருக்கு."

பானையில் இருப்பது சரியாகத்தானே இருக்கிறது? அவனும் கோட்டைப் போட்டுவிட்டுப் போவான். நிஜக் குப்பை எங்கே போனது? பொழுது விடியும் முன்னே ஒவ்வொன்றும் நைசாக எழுந்து போய்த் தெருமுனையில் கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டது. தெருமுனை யாருடைய வீடும் இல்லை. அங்கே கம்பமும் இல்லை, கோடும் இல்லை.

பன்றிதான் முதலில் புலம்பியது. "தம்பி சடையா, ஊரு முழுக்க விரதமா என்ன? பானையில ஒண்ணுமே இல்லையே. என் புள்ளைங்களுக்கு விலா எலும்பு தெரியுதுப்பா."

"கோடு எல்லா வீட்லயும் இருக்கே அண்ணே."

"கோட்டையா தின்னச் சொல்ற?"

தெருமுனைப் பக்கமிருந்து வந்த நாற்றம் அவன் மூக்குக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. ஆனால் வாசல் கம்பம் வரைதான் அவன் வேலை. வேலை நிரந்தரமாகும் நேரத்தில் வம்பு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நேரத்தில் பாலைவன தேசத்திலிருந்து ஓர் ஒட்டகம் வந்தது. சீர்திருத்தத்தைப் பார்த்து, தங்கள் ஊரிலும் செய்யலாமா என்று தெரிந்துகொள்ள வந்திருந்த விருந்தாளி. யானைக்குப் பெருமை தாங்கவில்லை. தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக் கோடுகளைக் காட்டியது.

"பாருங்க, எல்லா வீட்லயும் கோடு. ஒரு வீடு பாக்கி இல்லை."

ஒட்டகம் தலையை ஆட்டிக்கொண்டே தெருமுனையில் திரும்பியது. நின்றது. எதிரே அதன் திமில் உயரத்துக்குக் குப்பைமேடு.

"இது எந்தத் திட்டத்துல வருதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டது.

யானையின் காது இரண்டும் விசிறுவதை நிறுத்திவிட்டன. "சடையா!"

சடையன் ஓடி வந்தான். அவன் பின்னால் ஊரும் வந்தது.

"இந்தக் குப்பை யார் யார் வீட்டுதுன்னு மோந்து பார்த்துக் கண்டுபிடி. அந்தந்த வீட்டுக் கம்பத்துல மஞ்சள் முத்திரை போடு. மஞ்சள் விழுந்த வீட்டுக்காரங்கதான் மேட்டை அள்ளணும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சா, விருந்தாளி முன்னாடியே உனக்கு நிரந்தரம். முடிக்கலைன்னா திரும்பச் சாம்பலுக்கே போயிடு."

கூட்டத்தில் நின்ற செவலையின் அப்பன் தொண்டையைக் கனைத்தார். "மாப்ளே, கேட்டுச்சா? நிரந்தரமாம்." முதல் தடவையாக மாப்ளே என்று கூப்பிடுகிறார். சடையனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்திலிருந்த மாட்டுத் தொட்டியில் வாயை வைத்தவன் பாதித் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினான்.

பிறகு மஞ்சள் வாங்க ஸ்டோருக்கு ஓடினான். ஸ்டோரில் ஆமை உட்கார்ந்திருந்தது.

"மஞ்சள் ஸ்டாக் இல்லையே தம்பி."

"எப்போ வரும்?"

"சரக்கு கேட்டு இண்டெண்ட் போட்டாச்சு. நான்தான் போய் எடுத்துட்டு வரணும். நாளைக்குக் கிளம்பலாம்னு இருக்கேன்."

ஆமை போய் வருவதற்குள் செவலைக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். சடையன் வெறுங்கையோடு திரும்பினான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டை மோந்தான். காக்கை வீட்டுச் சுள்ளி. நேராகக் காக்கை வீட்டுக் கம்பத்துக்குப் போய் நின்றான். கூட்டம் மொத்தமும் அவனையே பார்த்தது. மஞ்சள் இல்லை. குடித்த தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு நின்றது.

அதுவரைக்கும் எல்லா நாயும் உட்கார்ந்துதான் ஒன்றுக்குப் போகும். ஆனால் உட்கார்ந்தால் ஒரு முழ உயரம் எட்டாது. விதி விதிதானே? சடையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான்.

காக்கை கத்திய கத்தல் அக்கரைக்குக் கேட்டது. "அடப் பாவி! என் வாசல்லயா?"

ஒட்டகம் குனிந்து பார்த்தது. "புது முறையா இருக்கு. ஆனா மஞ்சளாத்தான் இருக்கு," என்றது.

விருந்தாளியே சொன்ன பிறகு யானை என்ன சொல்லும்? "தொடரட்டும்," என்றது.

சடையன் தொடர்ந்தான். சிக்கனமாக, கம்பத்துக்குக் கொஞ்சமாக. கிளி வீடு. கோழி வீடு. "ராசியான ஓடுன்னு சொன்னேனே!" என்று கோழி கத்தியது. ஆட்டு வீட்டிலும் ஒன்று விழுந்தது. எல்லாவற்றையும் தின்கிறேன் என்ற ஆடு கசப்புக்காய் மட்டும் தின்பதில்லையாம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பூனை சத்தமில்லாமல் பின்பக்கம் போய்த் தன்னுடையதை மண்ணைத் தள்ளி மூடிவிட்டது. இன்றைக்கும் மூடுகிறது.

அடுத்த நாற்றம் சடையனைச் செவலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது. சப்பிப் போட்ட எலும்பு. பல் தடம்கூட மாமனாருடையது. சடையன் அவரைப் பார்க்காமல் காலைத் தூக்கினான். அவர் பல்லைக் கடித்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நிரந்தரம் ஆகப்போகிறவன் அல்லவா?

கடைசியாக மேட்டின் அடியில் ஒரு நாற்றம் பாக்கி இருந்தது. எல்லாக் குப்பைக்கும் கீழே கிடந்தது என்றால் முதலில் கொட்டியது அந்த வீடுதான் என்று அர்த்தம். சடையன் மோந்தான். கரும்புச் சக்கை, பலாத்தோல், தென்னை மட்டை. ஊரில் முழுப் பலாப்பழத்தை ஒரே ஆளாகத் தின்கிறவர் எத்தனை பேர்?

அவன் மூக்கு தரையோடு தரையாக நகர்ந்தது. கூட்டமும் நகர்ந்தது. அரசு மாளிகையின் வாசல் தூண் வந்ததும் எல்லாரும் நின்றார்கள். வாசலில் பச்சைப் பானையும் நீலப் பானையும் பளபளவென்று காலியாக இருந்தன. அவற்றுக்குப் பூமாலை வேறு போட்டிருந்தார்கள்.

யானை வானத்தைப் பார்த்தது.

மாமனார் சடையன் காதோரம் வந்தார். "மாப்ளே, உனக்குச் சளி பிடிச்சிருக்கு. ஒரு நாத்தமும் தெரியலை. சரியா? நாளைக்கே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

சடையன் வாயைத் திறந்து, "ஆமாம், லேசா சளிதான்..." என்று ஆரம்பித்தான்.

பின்னாலிருந்து செவலை குரல் வந்தது. "சளியாம்ல? அப்போ எங்க வீட்டு எலும்பு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

காக்கை களுக்கென்று சிரித்தது. கோழி, "அதானே!" என்றது. சடையன் மாமனாரைப் பார்த்தான். யானையைப் பார்த்தான். செவலையைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள்.

அவனிடம் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அதை மாளிகைத் தூணில் போட்டான். சரியாக ஒரு முழ உயரத்தில்.

யானைக்கு அவனை அங்கேயே மிதித்துவிடத் தோன்றியிருக்கும். ஆனால் ஒட்டகம் பார்த்துக்கொண்டிருந்ததே. தும்பிக்கையால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு யானை சொன்னது:

"நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை. ஆனா பாரு, காக்கை வீட்டு முத்திரை அதுக்குள்ள காஞ்சு போச்சு. கண்ணுக்கே தெரியலை. இதை நம்பி எப்படி நிரந்தரம் பண்றது? நீ ஒவ்வொரு கம்பமாப் போய் முத்திரை இருக்கான்னு மோந்து பாரு. மங்கியிருந்தா புதுசாப் போடு. எல்லாக் கம்பத்துலயும் ஒரே நேரத்துல முத்திரை இருக்கற அன்னைக்கு வந்து சொல்லு. உடனே நிரந்தரம்."

"அப்போ மேட்டை யாரு அள்றது?" என்று பன்றி கேட்டது.

"முதல்ல கொட்டினவங்க முதல்ல அள்ளட்டும்," என்றது ஆடு. "ஆமாம், மாளிகை அள்ளட்டும், அப்புறம் நாங்க அள்றோம்," என்றன எல்லாமும்.

"இதைப் பத்திக் காட்டுக்குப் போய் அமைதியா ஆலோசிச்சுட்டு வர்றோம்," என்று சொல்லிவிட்டு யானை அன்று சாயங்காலமே காட்டுக்குள் போனது. இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

மாமனார் தெருவில் நின்று, "இன்னும் தற்காலிகம்தானா? பொண்ணு கிடையாது!" என்றார்.

"அவர் கிடக்காரு. முதல் கம்பம் எது?" என்று செவலை சடையனிடம் கேட்டாள். இரண்டும் ஜோடியாக நடந்தன. அப்பன் தலையை மேலே தூக்கி நீளமாக ஊளையிட்டார். அந்தச் சத்தத்தை இன்றும் கேட்கலாம்.

சடையன் கடைசிக் கம்பத்துக்கு வரும்போது முதல் கம்பத்து முத்திரை மங்கியிருக்கும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவன் பிள்ளைகளும் ஆரம்பித்தன. ஊர் மாறிவிட்டது, மிருகங்கள் பேச்சை நிறுத்திவிட்டன. தெருமுனை மேடு மட்டும் யானை வந்து முதல் கூடையை அள்ளட்டும் என்று அப்படியே காத்திருக்கிறது.

அன்று முதல்தான் நாய்கள் எந்தக் கம்பத்தைக் கண்டாலும் நின்று மோந்து, காலைத் தூக்கி, அடுத்த கம்பத்துக்கு அவசரமாக ஓடுகின்றன. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.