மாசிலாமணியின் புது வீடு

மாசிலாமணி மடத்துக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டிருந்தார். அரிசி மில் முதலாளி. பத்து வருடமாக மடத்துத் தலைவி மங்கையம்மாவின் சீடர். ஆனாலும் கோபம் மட்டும் குறையவில்லை.

"இருபது வருஷ உழைப்பைக் கொட்டி வீடு கட்டினேம்மா. ஒரு குறை வைக்கலை. என் பொண்டாட்டி திலகா என்னடான்னா, தங்கச்சியோட ஓட்டு வீட்டுக்குப் போறேன், இனி அங்கேயே இருக்கேன்னு பெட்டி கட்டுறா. இன்னும் நான் என்னத்த வாங்கித் தரணும்?"

"அவகிட்டயே கேட்டியா?"

"ஒண்ணும் வேண்டாங்கிறா. நன்றி கெட்டவ."

அம்மா எழுந்தார். "மத்தியான சாப்பாடு உன் வீட்டுலதான். வா."

கூடத்தில் தேக்கு ஊஞ்சல் துணியால் மூடிக் கிடந்தது. சோபாவில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஏசி அறையை மாசிலாமணி சாவி போட்டுத் திறந்து காட்டினார். வீடு கட்டி நாலு வருடமாம். பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும்.

மாசிலாமணியின் மனைவி திலகவதி வெள்ளித் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார்.

"இந்தத் தட்டுல நீ சாப்பிட்டிருக்கியாம்மா?"

"இல்லம்மா. அது வர்றவங்களுக்கு."

"ஊஞ்சல்ல ஆடியிருக்கியா?"

"அதுவும் வர்றவங்களுக்குத்தான்."

"நீங்க ரெண்டு பேரும் எங்க தூங்குறீங்க?"

திலகவதி கொல்லைப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அடுப்பு, இரண்டு பாய், நெளிந்த தட்டுகள்.

"தங்கச்சி வீட்டுல எங்க வேணும்னாலும் உட்காரலாம்மா. யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க." என்றார் திலகவதி.

"காசு போட்டு வாங்கினது பாழாகக் கூடாதேன்னு பொத்திப் பொத்தி வச்சேன். அது குத்தமா?" என்று மாசிலாமணி சீறினார்.

அம்மா சோற்றை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். அதை நெளிந்த தட்டு ஒன்றில் கொட்டிக்கொண்டு, திலகவதியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

மாசிலாமணி பதறிப்போய்ப் பின்னால் ஓடிவந்தார். "அம்மா, நீங்க போய் இங்க உட்காரலாமா? என் வீட்டுல வந்து சாப்பிடுங்க."

அம்மா ஒரு வாய் சோறு தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதுதான்யா உன் வீடு. அது வர்றவங்க வீடு. நாலு வருஷமா அதுக்கு நீ காவல் இருக்க, அது உன் இஷ்டம். இவளை எதுக்குக் காவலுக்குப் போட்ட?"