வாய் பொத்திச் சொன்ன சேதி

இந்தக் கதையை நான் எங்கும் படிக்கவில்லை. குறைதீர் நாளன்று மனுவோடு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஆலம்பேரிப் பெண் ஒருவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். வரிசை நகரவே இல்லை. அதனால் முழுவதும் கேட்க முடிந்தது.

முன்னொரு காலத்தில் தென்கரை நாட்டை மாறவேள் என்று ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்ல சேதி சொன்னால் பட்டு கொடுப்பார். கெட்ட சேதி சொன்னால் அன்று சாப்பிட மாட்டார். மற்றவர்களையும் சாப்பிட விடமாட்டார். ஆகவே அரண்மனையில் கெட்ட சேதி சொல்ல ஆளில்லை.

மாதம் ஒருமுறை ஊர்க்கூட்டத்தார் சபைக்கு வந்து குறை சொல்லலாம். ஆனால் அரசர் முன்னால் வாய் பொத்தித்தான் பேச வேண்டும். அரசரோ சபையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் காதில் விழாது. எனவே தாண்டவராயர் என்ற அதிகாரி பக்கத்தில் நின்று கேட்டு, அரசருக்கு உரக்கச் சொல்வார்.

ஆலம்பேரி ஏரிக்கூட்டத்தார் அந்தச் சபைக்கு வந்து வந்து ஓய்ந்தவர்கள். உழுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்த கூட்டம் அது. அவர்களுக்காகப் பேசுகிறவள் காராயி. ஏரி மதகின் பலகை இற்றுப்போயிருந்தது. நெல் பால் பிடிப்பதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். மழைக்கு முன் பலகை மாற்றாவிட்டால் இந்த வருடமும் பதர்தான்.

காராயி வாய் பொத்தி இதையெல்லாம் சொல்வாள்.

"தங்கள் ஆட்சியில் ஏரி தளும்புகிறதாம், அரசே" என்பார் தாண்டவராயர்.

"மகிழ்ச்சி" என்பார் அரசர்.

நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்வதானாலும், அதையும் தாண்டவராயர் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

அமைச்சர் திருமேனியார் இதைக் கவனித்தார். அந்தப் பெண் நெடுநேரம் பேசுகிறாள், இவர் ஒரு வரியில் முடித்துவிடுகிறாரே என்று அரசரிடம் கேட்டார்.

"அமைச்சருக்கு என்மேல் பொறாமை, அரசே" என்றார் தாண்டவராயர்.

"எனக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்றார் அரசர். "திருமேனியாரே, அடுத்த சபையில் மெய்ப்பித்துக் காட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்."

திருமேனியார் வாசலுக்குப் போய்க் காராயியை அழைத்தார். "அடுத்த முறை அரசருக்கு ஒரு மாலை கொண்டு வா, அம்மா. மாவிலை வைத்துக் கட்டியது. முசுறு கூடு கட்டிய கிளையில் இலை பறித்துக்கொள்."

"அந்தச் செவப்பு எறும்பா? கடிச்சா உசுரு போற மாதிரி இருக்குமே, சாமி. எங்க தலை தப்புமா?"

"எறும்பு இருக்கிறது, போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நீயே தெளிவாகச் சொல்லிவிடு. தாண்டவராயர் அதை அப்படியே சொன்னால் அரசருக்கு ஒன்றும் ஆகாது. என் வேலைதான் போகும்."

"அப்ப மதகு?"

"அதையும் சொல்."

"அது சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு" என்றாள் காராயி.

அடுத்த சபையில் மாலைத் தட்டோடு வந்து நின்றார்கள். காராயி வாய் பொத்தி, "இந்த மாலையில முசுறு இருக்கு. ராஜா போட்டுக்க வேண்டாம். அதோட எங்க மதகு..." என்று தொடங்கினாள். தாண்டவராயர் தலையைச் சாய்த்துத்தான் நின்றார். ஆனால் அவர் கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"இந்த மாலையைத் தாங்கள் இப்போதே அணிந்து காட்சி தர வேண்டுமாம், அரசே."

அரசர் மகிழ்ந்துபோய் அணிந்துகொண்டார். சற்று நேரத்தில் கழுத்தைத் தடவினார். பிறகு முதுகை. பிறகு எழுந்து, சபையில் யாரும் பார்த்திராத விதமாக ஆடினார். மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஒருவர்கூடச் சொல்லவில்லையே?"

காராயி வாயிலிருந்து கையை எடுத்தாள். "சொன்னோம், ராஜா."

"பொய், அரசே" என்றார் தாண்டவராயர்.

காராயியின் பக்கத்தில் வேலோடு நின்ற காவலனை அரசர் பார்த்தார். "உனக்கு ஏதாவது கேட்டதா?"

"எறும்பு இருக்குன்னுதான் சொன்னாங்க, அரசே."

"நீ ஏன் சொல்லவில்லை?"

"என்னை இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டதில்லை, அரசே."

அரசர் கழுத்தைச் சொறிந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "திருமேனியாரின் மோதிரம் அவரிடமே இருக்கட்டும். ஊரார் இனிக் கையை இறக்கி, என் பக்கத்தில் வந்து பேசட்டும். தாண்டவராயர் வாய் பொத்திப் பேசட்டும். அவர் சொல்வதைக் காராயி எனக்குச் சொல்லட்டும்."

தாண்டவராயர் வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிப்பு, குடும்பம், பல வருட ஊழியம் என்று என்னென்னவோ முனகினார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் அரசர்.

"ஆலம்பேரி மதகுக்கு உடனே பலகை போடணுங்கிறார், ராஜா."

அரசர் சிரித்துவிட்டார். "இன்றே" என்றார்.

கதை இவ்வளவுதான். மதகை அந்த மழைக்குள்ளேயே சரிசெய்துவிட்டார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலம்பேரிக்குப் போய்ப் பார்த்தேன். மதகுக் கல்லில் எழுத்து இருக்கிறது. பலகை போட்டுக் கொடுத்தவர் என்று அதில் இருப்பது மாறவேளின் பெயர் அல்ல, அவர் மகனின் பெயர். அப்படியானால் "இன்றே" என்ற பிறகும் அவர்கள் பல வருடம் போய்ப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மகன் பெயருக்கும் மேலே முதல் வரியாக, "ஊரார் சொல்லக் கேட்டு" என்று வெட்டியிருக்கிறார்கள்.