பிளாஸ்டிக் புல்லை மேய்ந்த ஆடு

விளையாட்டுத் திடலில் அரசாங்கப் பணத்தில் பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டதாகப் பேரூராட்சித் தலைவர் ஞானதிரவியம் ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்தார். திறப்பு விழாவன்று முத்துப்பேச்சியின் ஆடு உள்ளே புகுந்து வயிறு முட்ட மேய்ந்துவிட்டது.

"அரசாங்கப் புல்லைத் தின்ற ஆட்டைத் தரமாட்டேன்!" என்று கூட்டத்துக்கு முன்னால் தலைவர் அதைக் கட்டிப்போட்டார்.

முத்துப்பேச்சிக்கு இருந்தது அந்த ஒரே ஆடு. பணிவாகக் கைகூப்பினாள்.

"ஐயா, பிளாஸ்டிக்கைத் தின்னா ஆடு செத்துருமே! இது சுகமா அசை போடுதே. அப்போ நீங்க விரிச்சது பிளாஸ்டிக்கா, அருகம்புல்லா? நீங்களே சொல்லிருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரின் முகம் வெளுத்தது.

"ஆடு மேயவே இல்லை" என்று அவரே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அடுத்த வாரமே லாரியில் நிஜமான பிளாஸ்டிக் புல் வந்து இறங்கியது. ஆடு மோந்து பார்த்துவிட்டு, வேறு பக்கம் நடந்தது.